மூணாவது தட்டு

ஜொனெல்: கதவைச் சாத்து ஆர்லன்! பனிக்காத்து அப்படியே உள்ள வருது.

ஆர்லன்: சாத்திட்டா பூட்டை எப்படிக் கழட்டறது? கொஞ்சம் பொறு.

ஜொனெல்: உன் தம்பி இந்த வீட்டை விட்டுப் போயி ஒரு கோடையே முடிஞ்சிருச்சு. இன்னிக்கு என்ன திடீர்னு பூட்டு மேல அக்கறை?

ஆர்லன்: கோர்ட்டு தடை போட்ட அன்னிக்கே மாத்தியிருக்கணும். சோம்பேறித்தனம்.

ஜொனெல்: நீயா சோம்பேறி? ஊர்ல பாதி வீட்டு வாசல்ல பனி அள்ளறவன்… பொய் சொல்லக் கூட வரல உனக்கு.

ஆர்லன்: அந்தத் திருகாணியை எடு… இல்ல, வேண்டாம். நானே எடுத்துக்கறேன்.

ஜொனெல்: ஏன், எடுக்க மாட்டேனா? வலது கையில ரெண்டு விரல்தான் மடங்காது. கேக்கே இடது கையாலதான் கலக்கினேன், தெரியுமா?

ஆர்லன்: கேக்கா?

ஜொனெல்: பெரியப்பான்னு பேரு! இன்னிக்கு பிரிட்டாவுக்குப் பொறந்த நாள்.

ஆர்லன்: மறக்கல… ஜொனெல், மேஜைல என்ன மூணு தட்டு?

ஜொனெல்: ஒண்ணு உனக்கு.

ஆர்லன்: நான் வர்றேன்னு சொல்லவே இல்லையே.

ஜொனெல்: நீ பூட்டைப் பாரு.

ஆர்லன்: ஜொனெல்.

ஜொனெல்: கத்தாதே.

ஆர்லன்: நான் கத்தல.

ஜொனெல்: பிரிட்டா கேட்டா. அப்பா வரணும், மெழுகுவத்தி ஊதறப்போ மட்டும்னு. ஊதினதும் போயிடுவான். அப்படித்தான் பேச்சு.

ஆர்லன்: நீயா போன் பண்ணினே?

ஜொனெல்: நேத்து காலைல. அழுதான் ஆர்லன். டெரில் அழுது நீ பாத்திருக்கியா? குடிக்கறதில்லையாம். திருந்திட்டேன்னு சொன்னான்…

ஆர்லன்: நேத்தா? காலைலயா?

ஜொனெல்: ஆமா. ஏன் முகம் இப்படிச் செத்துப் போச்சு?

ஆர்லன்: அந்த ஜட்ஜம்மா உன்னைப் பாத்துத்தானே சொன்னாங்க? நீயே கூப்பிட்டாலும் அவன் வரக் கூடாது, வந்தா ஜெயில் அவனுக்குத்தான்னு. தடையை எடுக்கணும்னா கோர்ட்டுல வந்து கேளு, சமையக்கட்டுல முடிவு பண்ணாதேன்னு…

ஜொனெல்: சொன்னாங்க. அந்தத் தடை என்னைக் காப்பாத்துச்சு, நான் இல்லைங்கல. ஆனா படுக்கப் போறப்ப எல்லாம் பிள்ளை கேக்கறாளே, அப்பா எங்கன்னு… அதுக்குப் பதில் சொல்ல ஜட்ஜம்மாவா வர்றாங்க?

ஆர்லன்: ட்ரக் கதவுல உன் கையை வச்சு…

ஜொனெல்: அது தெரியாம பட்டது.

ஆர்லன்: தெரியாம பட்டா ஒரு தடவை படும். அவன் கதவைத் திறந்து மறுபடி சாத்தினான். எங்கம்மா கண்ணால பாத்தா. பெத்த பிள்ளைக்கு எதிரா கூண்டுல ஏறி நின்னு சொன்னாளே, அதையாவது நெனச்சுப் பாக்க வேண்டாமா?

ஜொனெல்: நெனக்காம இருக்கேனா? விடு… ஸ்கூல் பஸ் இன்னுமா வரல?

ஆர்லன்: அவ பஸ்ல வர மாட்டா. அம்மா ஸ்கூலுக்கே போய் கூட்டிக்கிட்டா.

ஜொனெல்: யாரைக் கேட்டு?

ஆர்லன்: நான்தான் சொன்னேன்.

ஜொனெல்: என்னைக் கேக்காமலா? பூட்டை மாத்தறே, பிள்ளையைத் தூக்கிட்டுப் போறே… என்ன நடக்குது ஆர்லன்? டெரில் உன்கிட்ட ஏதாவது சொன்னானா?

ஆர்லன்: நேத்து சாயங்காலம் வந்தான். நல்லாத்தான் இருந்தான். ரொம்ப நல்லா. காபி கேட்டு வாங்கிக் குடிச்சான். அப்பாகூட உறைஞ்ச ஏரியில துளை போட்டு மீன் பிடிச்சது, நான் வழுக்கி விழுந்தது… எல்லாம் பேசிச் சிரிச்சான். சின்ன வயசு டெரில் திரும்ப வந்துட்டான்னு நெனச்சேன்.

ஜொனெல்: அப்புறம்?

ஆர்லன்: மான் வேட்டை சீசன் தொடங்கப் போகுதேன்னான்…

ஜொனெல்: அவனுக்கு ஏது சீசன்? துப்பாக்கியைத் தொடவே கூடாதுன்னு உத்தரவு. எல்லாம் உன் பெட்டியில தானே இருக்கு?

ஆர்லன்: இந்தத் திருகாணி கழள மாட்டேங்குது…

ஜொனெல்: ஆர்லன், என்னைப் பாரு. உன்கிட்டதானே இருக்கு?

ஆர்லன்: இன்னிக்குக் காலைலதான் கவனிச்சேன். அவனோட ஆரஞ்சுக் கோட்டு என் வீட்டு நாற்காலியிலயே கிடக்கு. மான்னு நெனச்சு வேற யாரும் சுட்டுடக் கூடாதுன்னு போடறது அது. மான் வேட்டைக்குப் போறவன் எவனும் அது இல்லாம காட்டுக்குள்ள கால் வைக்க மாட்டான் ஜொனெல். எவனும்.

ஜொனெல்: ஐயோ… அவன் இப்ப வந்துடுவான்! ஏன் அப்படியே நிக்கறே? கதவைச் சாத்து!

ஆர்லன்: வர மாட்டான். மத்தியானமே பாலத்துக்கிட்ட ஷெரிஃப் போலீஸ்காரங்க மடக்கிட்டாங்க. துப்பாக்கி சீட்டுக்குப் பின்னால இருந்துச்சாம். குண்டு போட்டு, தயாரா…

ஜொனெல்: குண்டு போட்டா?

ஆர்லன்: ஆமா.

ஜொனெல்: நான் கூப்பிட்டேன்… நானே கூப்பிட்டேனே, ஆர்லன்…

ஆர்லன்: நீ பிள்ளைக்காகக் கூப்பிட்டே. இதை உன் தலையில போட்டுக்காதே.

ஜொனெல்: மடக்கினாங்களே… அவங்களுக்கு யாரு சொன்னது?

ஆர்லன்: நான்தான். கோர்ட்டுல கையைத் தூக்கி, துப்பாக்கியை அவன் கண்ணுலயே காட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணினவனும் நான்தான். நேத்து அவன் சிரிச்ச சிரிப்புக்கு மயங்கி, பெட்டியைத் திறந்து எடுத்துக் குடுத்தவனும் நான்தான். அவன் ஜாமீன்ல வந்தாலும் வருவான்னுதான் இந்தப் பூட்டு. தபால் பெட்டிக்கிட்ட நிக்குதே ஷெரிஃப் வண்டி, அது என்னைக் கூட்டிட்டுப் போக வந்தது. பிரிட்டா அதைப் பாக்க வேண்டாம்னுதான் அம்மாவை ஸ்கூலுக்கு அனுப்பினேன்… அம்மாவுக்கு டெரில் விஷயம் மட்டும்தான் தெரியும் ஜொனெல். இன்னொரு பிள்ளையும் ஜெயிலுக்குப் போறான்னு, நீதான் பக்குவமா சொல்லணும்.