ஒன்றரை டிகிரி

கட்டடங்களைப் படம் எடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. அவை கண் சிமிட்டுவதில்லை. “கொஞ்சம் ஒல்லியாத் தெரியற மாதிரி எடுங்க” என்று கேட்பதுமில்லை. இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் தொழில்.

உங்கள் மேசையில் இருக்கும் அந்தக் கேமராவில் லென்ஸைத் தனியாக நகர்த்தலாம், சாய்க்கலாம். சாதாரணக் கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடத்தின் உச்சி குறுகிவிடும். இதை ரசமட்டம் பார்த்து நேராக நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே தூக்கினால் போதும். நிமிர்ந்த சுவர் படத்திலும் நிமிர்ந்தே நிற்கும். சாய்ந்த சுவர் காட்டிக்கொடுத்துவிடும். பழைய குடியிருப்புகளை ஆய்வு செய்யும் மாநகராட்சிப் பொறியாளர் என்னைக் கூப்பிடுவது இதற்காகத்தான். என் படத்தின் மேல் கட்டம் போட்டுப் பார்ப்பார். கோடு விலகினால் மட்டுமே நேரில் வருவார்.

அவர் அனுப்பிய பட்டியலில் அந்த மூன்று மாடிக் கட்டடமும் இருந்தது. மேல்மாடியில் என் மச்சான் குடியிருந்தார். எட்டு மாதமாக என் மனைவியும் அங்கேதான் இருந்தாள். அது பொறியாளருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. நான் அதிகம் பேசுகிறவனில்லை, அவ்வளவுதான். ஒருநாள் தலைசீவிக்கொண்டிருந்தவளிடம் வகிடு கோணலாக இருக்கிறது என்றேன்.

“மூணு நாள் கழிச்சு வாயைத் திறக்கறீங்க, அதுவும் இதுக்குத்தானா? என் மண்டைக்கும் ரசமட்டம் வைப்பீங்க போல.”

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் வந்தபோது அவள் பெட்டியைக் காணவில்லை.

நான் எதிர் நடைபாதையில் முக்காலியை விரித்தபோது மச்சான் இறங்கி வந்தார்.

“வாங்க மாப்ள. சுவர்கிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசுவீங்களா?”

நான் குனிந்து வேலையைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார். “இந்த வீடு ஆகாதுன்னு எழுதிட்டா நல்லதாப் போச்சு. கம்பெனி குவார்ட்டர்ஸ் தயாரா இருக்கு, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. தங்கச்சியையும் கூட்டிட்டுக் கிளம்பிடுவேன்.”

அவர் போன பிறகு அளந்தேன். சுவரின் உச்சி ஒரு சாண் அளவுக்குத் தெருப்பக்கம் தள்ளியிருந்தது. அடியில் விரல் நுழையும் விரிசல்.

கேமராவை ஒன்றரை டிகிரி அண்ணாந்து பார்க்க வைத்தேன். சுவரின் சாய்வும் அதேதான். இரண்டும் இணையாகிவிட்டால் படத்தில் சாய்வு என்ற ஒன்றே இருக்காது. பக்கத்துக் கட்டடங்கள் உண்மையைச் சொல்லிவிடும் என்பதால் அவற்றை விளிம்புக்கு வெளியே விட்டேன். பிறகு லென்ஸைச் சற்றுச் சாய்த்தேன். தெளிவு மேல்மாடியில் நின்றுகொண்டது, அடிப்பகுதி மங்கியது. கேட்டால் வண்டிப் புகை என்று சொல்லலாம் என்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

பொறியாளர் போனில் சொன்னார்: “உங்க படம்னா நான் வரவே வேண்டாம் சார். ஒரு நூல் பிசகல.”

அந்தச் சாய்மானம் கோப்பில் பதிவாகியிருக்கிறது என்று இன்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள். கேமரா தானாகவே குறித்துக்கொள்ளும். அழித்திருக்கலாம். செய்த வேலையை அழிக்கும் பழக்கம் எனக்கில்லை.

கட்டடம் நலம் என்று சான்று ஒட்டிய மறுநாள் அவள் கூப்பிட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவை.

“வாசக்கதவு சாத்தவே மாட்டேங்குது. அண்ணன் பயப்படறார், கிளம்பிடலாம்ங்கறார். நீங்கதானே படம் எடுத்தீங்க. நெஜமாவே நேரா இருக்கா?”

“நேரா இருக்கு.”

இரண்டு பக்கமும் சற்று நேரம் பேச்சில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது.

“அப்ப சரி. கோணலா இருந்தா உங்களால சொல்லாம இருக்க முடியாதே,” என்று சொல்லி வைத்துவிட்டாள். அண்ணனையும் அவள்தான் சமாதானப்படுத்தியிருக்கிறாள்.

பதினோரு நாள் நின்றது. மழை விட்ட ஒரு காலையில், பத்தேகாலுக்கு விழுந்தது. மொத்தம் ஏழு பேர். அதில் ஐந்து பேர் எனக்கு அறிமுகமில்லை.

விழும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். எந்த நாள் என்பது மட்டும் தெரியாது. கொலை என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பதினோரு நாளும் நானும் அவளும் ராசியாகத்தான் இருந்தோம். அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.