பட்டனை விட்டால்தான் கேட்கும்

— இந்த வாக்கி-டாக்கி பத்து கிலோமீட்டர் எட்டும்னு பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கே, நிஜமா தம்பி?

— அது காக்காவுக்கும்மா. நடுவுல சுவர், மரம், மனுஷன் ஒண்ணுமில்லாத வெட்டவெளியா இருந்தா எட்டும். இந்த மாதிரி கடைத்தெருவுல ஒரு கிலோமீட்டர் எட்டினாலே பெருசு.

— அப்புறம் எதுக்குப் பத்துன்னு போடறாங்க?

— பாருங்கம்மா, கல்யாண போட்டோவை வீட்டுல மாட்டி வச்சிருப்போமில்ல, அந்த மாதிரி. அதுல இருக்கிறது நாமதான். ஆனா நாம இல்லை.

— எறும்பு, அவன்கிட்ட என்ன வழக்கு? இந்தக் கறுப்பு செட்டை எடு. கனமா இருக்கு. கனம் இருந்தாத்தான் கையில ஒண்ணு இருக்குங்கிற ஞாபகமே இருக்கும்.

— எறும்பா? அம்மாவுக்கு நல்ல பேரு சார்.

— நான் வச்சதுப்பா. முப்பது வருஷம் டவர் கிரேன் ஓட்டினவன் நான். இவ சாப்பாடு எடுத்துக்கிட்டு வந்து கீழ நிப்பா. மேல கேபின்ல இருந்து குனிஞ்சு பார்த்தா ஒரு எறும்பு. கையில ஒரு பருக்கை.

— அந்தப் பருக்கையை நாலு அடுக்கு டப்பாவுல சுமந்துக்கிட்டு பஸ்ல நின்னுக்கிட்டே வந்தது யாருன்னு கேளு தம்பி.

— அப்ப வாக்கி-டாக்கி பத்தி சாருக்கு நான் பாடம் எடுக்க வேணாம்.

— நீ எடுக்கறதா? கீழ சிக்னல் அண்ணன் சொல்லுவார், மேல நான் செய்வேன். கண்ணுக்கே தெரியாத இடத்துல லோடு தொங்கும். அவர் குரலை மட்டும் பிடிச்சுக்கிட்டு முட்டையை வைக்கிற மாதிரி வைப்பேன். முறை இருக்குப்பா. பட்டனை அமுக்கணும், பேசணும், ஓவர்னு சொல்லணும், விடணும். விட்டாத்தான் எதிராளி பேசறது கேட்கும். இந்த முறை எங்க வீட்டுல இருந்திருந்தா எனக்கும் அப்பப்பப் பேச வாய்ப்புக் கிடைச்சிருக்கும்.

— உங்களை யாரு பேச வேணாம்னாங்களாம்?

— பார்த்தியா? ஓவர் சொல்றதுக்குள்ள நுழையறா.

— சிரிப்பு தாங்கலை சார். எங்க, மலையேறப் போறீங்களா? குடும்பத்தோடயா?

— மகன், மருமக, பேத்தி, எல்லாரும். காட்டுக்குள்ள போன் எடுக்காதாமே. வாக்கி-டாக்கி வாங்கியே ஆகணும்னு இவ ஒத்தைக் கால்ல நிக்கிறா.

— என்னைக்குக் கிளம்பறீங்க?

— என்னைக்கு எறும்பு?

— லீவு விடட்டும். தம்பி, அந்த மஞ்சள் செட்டு எப்படி?

— அது குழந்தைங்களுக்கானதும்மா. மாடிக்கும் வாசலுக்கும் பேசி விளையாடலாம். பெருசா எதிர்பார்க்கக் கூடாது.

— இந்தத் திரை வச்சது?

— பாருங்கம்மா, இதுதான் ராஜா. இருபத்திரண்டு சேனல், டார்ச் இருக்கு, வானிலை சொல்லும்...

— சேனல் மாத்துற பட்டன் இவ்வளவு பக்கத்துல இருக்கே. தெரியாம கை பட்டா மாறிடாது?

— மாறத்தான் செய்யும். திரும்பப் பழைய நம்பரை வச்சுக்க வேண்டியதுதான்.

— அப்ப வேணாம். அமுக்கறதுக்கு ஒரே ஒரு பட்டன் இருக்கணும். கழுத்துல மாட்டிக்கக் கயிறு வேணும். கீழ போட்டா உடையக் கூடாது. ராத்திரி சார்ஜ் போட்டா மறுநாள் முழுக்க நிக்கணும்.

— காட்டுக்குப் போறவங்க மழை தாங்குமான்னு கேட்பாங்க, எவ்வளவு தூரம் எட்டும்னு கேட்பாங்க. நீங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வாட்டர் பாட்டில் வாங்கற மாதிரி கேட்கறீங்களேம்மா.

— என் கேள்வி என்னோட. அந்தக் கறுப்பையே கொடு.

— கொடுக்கறேன். ஆனா நம்ம கடையில ஒரு பழக்கம். பெட்டியை நம்பக் கூடாது, காதைத்தான் நம்பணும். ஒருத்தர் இங்க நிக்கணும், ஒருத்தர் தெருமுனை வரைக்கும் போய்ப் பேசிப் பார்க்கணும். சார், இதைப் பிடிங்க. நேரா பேங்க் வரைக்கும்...

— அவர்கிட்ட கொடுக்காதே! நான் போறேன்.

— அந்த முட்டியை வச்சுக்கிட்டா? உட்காரு எறும்பு. இதோ போயிட்டு வந்துடறேன்.

— என்னங்க, வேணாம், நில்லுங்க. தம்பி, அவரை நிறுத்து!

— சார் படியிறங்கிட்டாரேம்மா. என்ன நடை! இந்த வயசுல எனக்கு வருமா அது? விடுங்க, தெருமுனைதானே.

— ஹலோ, ஹலோ. கேட்குதா? ஓவர்.

— கேட்குது சார், பக்கத்துல நிக்கிற மாதிரி. ஓவர். பாருங்கம்மா, என்ன தெளிவு!

— இப்படிக் கொடு அதை. என்னங்க, கேட்டுடுச்சு. போதும், திரும்பி வாங்க.

— ஓவர் சொல்லு எறும்பு. ஓவர்.

— திரும்பி வாங்க. ஓவர்!

— வாங்கறதுதான் வாங்கறோம், இன்னும் கொஞ்சம் தூரம் பார்த்துடலாம். செட்டை பெல்ட்டுல செருகிக்கறேன். ஓவர்.

— வேணாங்க. அப்படியே நில்லுங்க, நான் வர்றேன். கேட்குதா? என்னங்க! இதென்ன தம்பி, வெறும் ஹாரன் சத்தமா வருது?

— பட்டனை விட்டுட்டுப் பேசறீங்களா... இல்லை, சரியாத்தான் அமுக்கறீங்க. அட, அதுவா? பெல்ட்டுல செருகினாரில்ல, அவர் செட்டுல பட்டன் அமுங்கிக்கிச்சு. அந்தப் பக்கம் நடக்கறதெல்லாம் நமக்குக் கேட்கும். நாம சொல்றது அவருக்குப் போகாது.

— எதுவரைக்கும்?

— அமுக்கம் விடற வரைக்கும்.

— கத்தினா?

— தொண்டை கிழியக் கத்தினாலும் போகாதும்மா. அதுக்கு ஏன் இப்படிப் பதறறீங்க? கிரேனே ஓட்டின மனுஷன், தெருமுனையில இருந்து கடைக்கு வழி தெரியாதா?

— தெரியாது.

— என்னம்மா?

— தெரியாது தம்பி. குளியலறையில இருந்து கட்டிலுக்கே சில நாள் வழி தெரியறதில்லை. வாசல்ல போய்ப் பாரு. முதுகு தெரியுதா?

— என்ன சட்டை?

— வெள்ளை.

— தெருவுல பாதிப் பேரு வெள்ளையாத்தான் போறாங்க. மருந்துக்கடை பக்கமும் போயிருக்கலாம், சந்துக்குள்ளயும் திரும்பியிருக்கலாம்... ஏம்மா, இதை முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?

— அவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டா? அவருக்கே தெரியாதுப்பா. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுத்தான் சொன்னார், இது இனிமே இறங்குமுகம்தான்னு. நான் அவர்கிட்ட மூச்சு விடலை. அத்தனை டன் இரும்பைத் தலைக்கு மேல நிறுத்தி வச்ச மனுஷன். அவர்கிட்ட போய், உங்க தலை நிக்காதுன்னு எப்படிச் சொல்றது? மறதி மாத்திரையை சத்து மாத்திரைன்னு சொல்லித்தான் கொடுக்கறேன்.

— மலைக்குப் போறது?

— மலையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மகன் எங்க எங்களைக் கூட்டிக்கிட்டுப் போறான்? ரெண்டு தடவை காணாமப் போயிட்டார். போனை வாங்கிக் கொடுத்தேன், ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்கிறார். மணி அடிச்சா வாசக்கதவைத் திறக்கறார். இந்த ஒரு பட்டன் மட்டும் அவர் கைக்கு மறந்திருக்காதுன்னு நினைச்சேன். அதுக்குத்தான் இந்தப் பொய்யெல்லாம்.

— நான் ஒரு முட்டாள்மா. நானே எடுத்துக் கையில கொடுத்து அனுப்பினேன்.

— பேசாதே, பேசாதே. சத்தம் மாறுது. கேளு.

— மணியடிக்கிற மாதிரி இருக்கு. ணங், ணங்னு... இரும்புப் படி. இரும்புப் படியில ஏறறார்!

— எங்க இருக்கு இரும்புப் படி?

— இங்க ஒண்ணுதான்மா. ரயில் பாதைக்கு மேல போற நடைபாலம். அதோ, ரயில் சத்தமும் கேட்குது. வாங்க, ஷட்டரை இறக்கறேன், ஸ்கூட்டர்ல ஏறுங்க. செட்டை விட்டுடாதீங்க.

— மெதுவாப் போகாதேப்பா. என்னைப் பத்திக் கவலைப்படாதே, விழுந்தா விழறேன்.

— என்ன பேசறார்? காத்துல எனக்குக் கேட்கலை.

— தனக்குத்தானே முணுமுணுக்கறார். காத்து ஜாஸ்தியா இருக்கு, பார்த்துத் தூக்கணும்கிறார். கிரேன்ல ஏறிட்டதா நினைச்சுக்கிட்டார் தம்பி.

— இதோ வந்தாச்சு. அதோ! நடுப்பாலத்துல நிக்கிறார் பாருங்க. கம்பி மேல சாஞ்சு கீழ எட்டிப் பார்க்கறாரே... நீங்க இங்க நில்லுங்கம்மா, நான் ஓடிப்போய்ப் பிடிச்சுடறேன்.

— போகாதே! தெரியாத ஆளு கிட்ட வந்தா பதறிப்போய்த் தள்ளுவார். போன மாசம் தபால்காரரைத் தள்ளிவிட்டார். அந்தக் கம்பி அவர் இடுப்பு வரைக்கும்தான் இருக்கு.

— அப்ப நீங்க?

— இந்த முட்டியோட நான் ஏறி முடிக்கறதுக்குள்ள என்ன வேணா ஆகும். அந்த நேரத்துல என்னையும் அவருக்கு அடையாளம் தெரியணுமே.

— கேபின்ல வந்து உட்கார்ந்துட்டேன் அண்ணே. லோடு எங்க? கீழ ஒண்ணுமே தெரியலை. ஓவர்.

— அம்மா, செட்டைக் கையில எடுத்துட்டார்! இப்ப பேசினா போகும். பேசுங்க!

— என்னங்க, நான்தான். கம்பியை விட்டுத் தள்ளி நில்லுங்க. கேட்குதா? ஓவர்.

— யாரும்மா அது? இது வேலை நடக்கிற லைன். நடுவுல வராதீங்க. ஓவர்.

— நீ பேசு தம்பி. ஆம்பளைக் குரல்ல பேசு. அண்ணன்னு நினைச்சுக்கட்டும்.

— ஆங்... சார், வணக்கம் சார். இன்னைக்கு வேலை இல்லை, நீங்க கீழ வந்துடலாம் சார். ஓவர்.

— யாருய்யா நீ? இந்த சைட்டுல எவன் எவனை சார்னு கூப்பிடறான்? சிக்னல் அண்ணனைக் கூப்பிடு. அவர் சொல்லாம நான் எதுவும் பண்ண மாட்டேன். ஓவர்.

— இன்னும் எட்டிப் பார்க்கறாரே அம்மா. பாதி உடம்பு வெளிய இருக்கு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

— கொடு இங்க. முப்பது வருஷம் பக்கத்துல படுத்தவளுக்கு இது தெரியாதா? தூக்கத்துல விடிய விடிய இதைத்தான் பேசினார். தம்பி, பொண்ணு குரல்னு கண்டுபிடிச்சுடுவாரா?

— இந்தச் சின்ன செட்டுல எல்லாருக்கும் தகரக் குரல்தான். தொண்டையை அடக்கிப் பேசுங்க.

— மேல கிரேன். மேல கிரேன். அண்ணன் பேசறேன். தொண்டை கட்டியிருக்கு. ஓவர்.

— அண்ணே! வந்துட்டீங்களா. எவனோ லைன்ல வந்து சார் மோர்ங்கிறான். லோடு சொல்லுங்க. ஓவர்.

— காத்து ஜாஸ்தி. தூக்காதே. ஹூக்கை மேல எடு. எடுத்துட்டியா? ஓவர்.

— எடுத்துட்டேன். ஓவர்.

— ரைட். சீட்டுல நேரா உட்காரு. கீழ எட்டிப் பார்க்காதே, என் குரலை மட்டும் கேளு. ஓவர்.

— ரைட் அண்ணே. ஓவர்.

— நிமிர்ந்துட்டார்மா! கம்பியை விட்டு நகர்ந்துட்டார்! சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க.

— வேலை நின்னாச்சு. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு கேபினை விட்டு இறங்கு. ஓவர்.

— அங்கயும் இங்கயும் திரும்பித் திரும்பிப் பார்க்கறாரேம்மா.

— இறங்குப்பா. கேட்குதா? ஓவர்.

— கேட்குது அண்ணே. ரெண்டு பக்கமும் ஏணி இருக்கு. எதுல ஏறி வந்தேன்னு... தெரியலை. ஓவர்.

— தம்பி, எதுல வரச் சொல்லட்டும்? அந்தப் பக்கம் எங்க போகுது?

— அந்தப் பக்கம் இறங்கினா நேரா பெரிய ரோடும்மா. லாரி போற ரோடு. இந்தப் பக்கமே வரச் சொல்லுங்க.

— உன் எதிர்ல ரயில் போகுதில்ல? அதைப் பார்த்து நில்லு. இப்ப உன் இடது கை பக்கம் இருக்கிற ஏணி. நம்ம ஏணி அதுதான். ஓவர்.

— இடது கை... வாட்ச் கட்டியிருக்கிற கை. ரைட். வர்றேன். ஓவர்.

— வர்றார்மா, இந்தப் பக்கம்தான் வர்றார்!

— ரெண்டு கையாலயும்... இல்லை, ஒரு கையில செட்டு இருக்கில்ல. இன்னொரு கையால கம்பியைப் பிடி. ஒவ்வொரு படியா. அவசரமே இல்லை. அண்ணன் இங்கதான் இருக்கேன். ஓவர்.

— ரைட். ஓவர்.

— அழுதுக்கிட்டே பேசறீங்கம்மா. குரல் உடையுது.

— தெரியும். தொண்டை கட்டுன்னு சொன்னேனே, அதுக்குத்தான்.

— பாதிப்படி வந்துட்டார். நின்னுட்டாரே... இந்தப் பக்கம் பார்க்கறார்மா! செட்டை மறைங்க, பைக்குள்ள வச்சுக்கிட்டே பேசுங்க!

— ஏன் நின்னுட்டே? இறங்கு. ஓவர்.

— அண்ணே, கீழ பையோட எறும்பு வந்து நிக்கிறா. இறங்கறதுக்குள்ள ஒண்ணு சொல்லிக்கறேன். எனக்கு வழி மறந்து போச்சுன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. அது என்ன மாத்திரைன்னு எனக்குத் தெரியும்ணே, அட்டையில இருந்த பேரை மருந்துக்கடையில அப்பவே கேட்டுட்டேன். சத்து மாத்திரைன்னு நான் நம்பறதா நினைச்சுத்தான் அவ ராத்திரி தூங்கறா. அந்தத் தூக்கத்தைக் கெடுத்துடாதீங்க. ஓவர்.