சொல்லிட்டேன்மா

ஒரே ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. குழைந்துவிடும், இல்லையென்றால் அடிப்பிடிக்கும். இரண்டு பேருக்கென்றால் தானாகவே பதம் வந்துவிடும். மேற்படிப்புக்கு இங்கே வந்த முதல் வருடம் முழுக்க நான் குழைந்த சோறுதான் தின்றேன்.

உங்கள் மொழி எனக்கு நன்றாகவே வரும், சார். இருந்தும் தமிழில்தான் வாக்குமூலம் தருவேன் என்று அடம்பிடித்து, மொழிபெயர்க்க இந்தத் தங்கச்சியை வரவழைக்க வைத்துவிட்டேன். கொஞ்ச நாளாகக் காதில் தமிழே விழவில்லை.

அந்த முதல் வருடம் பயந்தே செத்தேன். வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்தைப் பூட்டினால் திங்கட்கிழமை வரை பேச ஆளில்லை. ஒருமுறை பேராசிரியருக்கு வணக்கம் சொல்லப் போனபோது குரலே எழும்பவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தால் நாற்றம் அடித்த பிறகுதான் யாராவது வருவார்கள் என்று, கதவைத் தாழிடாமலே குளிப்பேன்.

அப்புறம் என் அறையின் இரண்டாவது கட்டிலுக்கு வாயாடி வந்தாள். பெயர் நான் வைத்ததுதான். பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவாள்.

"இந்த ஊர் பாஷை என் மண்டைல ஏறவே ஏறாதுக்கா. இனிமே நீங்கதான் என் வாய்" என்பாள். கடை, வங்கி, எங்கே போனாலும் அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசினேன்.

"எனக்கு பென்சிலின் ஆகாது. சின்ன வயசுல ஒரு ஊசியில தொண்டை அடைச்சு, உயிர் போயிட்டு வந்துச்சு. நான் எங்கயாவது மயங்கிக் கிடந்தா, நீங்க சொல்லிடணும்" என்றும் அவள்தான் சொல்லிவைத்தாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். "கூடப் படிக்கிறவ வீட்டுல ஒரு ரூம் காலியாச்சுக்கா. ஞாயித்துக்கிழமை அங்க மாறிக்கிறேன். அடிக்கடி வருவேன்ல, மூஞ்சிய ஏன் அப்படி வச்சுக்கிறீங்க?"

நல்லது என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த வாரமே அவளுக்குத் தொண்டையில் சீழ் பிடித்தது. நல்ல காய்ச்சல், குரல் சுத்தமாகக் கட்டிப்போனது. மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஊசியோடு வந்த நர்ஸ், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று உங்கள் மொழியில் கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்றேன்.

வாயாடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெறும் காற்றாகத்தான் வந்தது பேச்சு.

"சொல்லிட்டீங்களாக்கா?"

"சொல்லிட்டேன்மா."

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, சார். உடம்பு தடிக்கும், நாலு நாள் படுத்துக் கிடப்பாள், நான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன், வீடு மாறுகிற பேச்சு தன்னால் அடங்கிவிடும். அவ்வளவுதான் என் கணக்கு. ஊசி போட்டுவிட்டு நர்ஸ் போன பிறகு, உதடு வீங்க ஆரம்பித்தபோது அழைப்பு மணி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. உடனே அழுத்தினால் உடனே குணமாகிவிடுவாளே என்று கொஞ்சம் பொறுத்தேன். அவள் கண்ணை அகல விரித்து என்னையே பார்த்தாள். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். என் கையைப் பிடித்திருந்த விரல்கள் தாமாகவே விட்ட பிறகுதான் மணியை அழுத்தினேன்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கச்சி, இத அவருக்குச் சொல்ல வேணாம், உன்னத்தான் கேக்கிறேன். முகமெல்லாம் வெளுத்துப்போச்சே, சாப்பிட்டியா? நீயும் படிக்கத்தான வந்திருக்க? தனியாவா தங்கியிருக்க? பயமா இல்லயா? என் ரூம்ல ஒரு கட்டில் காலியாத்தான் இருக்கு.