கேப்டன் பெயரில் பேட்டரி

பேட்டரி என்றால் ஆரணியில் இன்வெர்ட்டருக்கு மாட்டுவது, மேடம். அதனால் நானும் கோகுல்ராஜும் பார்த்த வேலையை ஊரில் ஒருவருக்கும் விளக்க முடியவில்லை. எங்கள் பேட்டரி ஒரு பீரங்கிப் படை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காப்பாற்றச் சண்டை போட்ட தென்மாநிலத்தாருடையது. அதை யார் யார் நடத்தினார்கள் என்று அமெரிக்காவில் இருக்கும் ஒரு பெரியவருக்குக் கம்ப்யூட்டரில் தேடிக் கொடுத்தோம். அவர் அதைப் புத்தகமாகப் போடப் போகிறார்.

தொடங்கியவன் நான். எங்கள் தறிக்கூடத்து மாடியில் இடம் கொடுத்து, வெம்பாக்கத்திலிருந்து வந்த கோகுல்ராஜுக்கு வேலையும் கற்றுக்கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

தேடியதில் மூன்று கேப்டன்கள் பெயரில் பேட்டரி கிடைத்தது. மூன்று பேட்டரிகள் என்று எழுதி அனுப்பினேன். என் தாத்தா தனகோடி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது, கூடம் இன்றும் தனகோடி கூடம்தான். தொடங்கியவன் பெயர் மாறாது என்று இந்த ஊரில் யாராக இருந்தாலும் நினைப்பார்கள். கோகுல்ராஜ் சிரித்தான்.

"மூணு இல்லண்ணா, ஒண்ணுதான். கேப்டன் செத்தா அடுத்தவன் வருவான், பேட்டரிக்கும் அவன் பேருதான். இதுகூடத் தெரியாம இன்னா பண்ணிகினு இருந்த?"

என்னிடம் சொன்னதோடு விட்டிருக்கலாம். நேரே பெரியவருக்கு எழுதினான். இனி கோகுல்ராஜே பொறுப்பு, புத்தகத்திலும் அவன் பெயர்தான் என்று பதில் வந்தது. என் மாடியில், என் நாற்காலியில் உட்கார்ந்து, அதை எனக்கே படித்துக் காட்டினான். அன்று முதல் அவனைக் கண்டாலே எனக்கு வயிறு எரிந்தது.

அவன் வாய் வைத்துக் குடிக்க மாட்டான். பாட்டிலை உயர்த்தி அண்ணாந்து ஊற்றிக்கொள்வான். நல்ல பழக்கம். வாய் வைத்துக் குடிப்பவனுக்கு உதடு முன்கூட்டியே சொல்லிவிடும். இன்வெர்ட்டர் ஆசிட் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். அவன் பாட்டிலில் அதை நிரப்பி மேசையில் வைத்தேன். வெயிலில் வந்தவன் எடுத்தான். கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். எனக்கு அவன்மேல் இப்போது கோபம் ஒன்றும் இல்லை. அவன் சொல்லிக்கொடுத்ததைத்தான் நடத்தினேன். கேப்டன் இறந்துவிட்டார் என்று பெரியவருக்கும் உடனே தெரிவித்துவிட்டேன்.

என் போன் உங்களிடம்தானே இருக்கிறது. புத்தகத்தில் பெயரை மாற்றிவிட்டாரா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், மேடம்.