விழுமுன் வீழ்த்திப் பார்ப்பவர்கள்

கைபேசியை மௌனமாக்கிவிட்டு, அது ஒளிர்கிறதா என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இந்த அவைக்குத் தலைமை தாங்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே. பணி ஓய்வு பெற்றும் பாசத்தில் ஓய்வு பெறாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே. காற்றோடும் கம்பியோடும் மல்லுக்கட்டும் லைன்மேன் தோழர்களே. கட்டுப்பாட்டு அறைத் திரைகளைக் கண்கொட்டாமல் காக்கும் கண்மணிகளே. அவர்கள் வீடு திரும்பும் வரை சோற்றை மூடிவைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே, துணைவியரே, துணைவர்களே. நாற்காலியில் மட்டும் உட்கார மாட்டோம் என்று நாற்புறமும் ஓடும் நற்செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் கைகூப்பிய வணக்கம்.

மின்சாரக்காரர்களின் குடும்ப விழாவில் ஒரு நர்ஸம்மாவுக்கு என்ன வேலை என்று பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார். கேட்டுவிட்டது ஐயா. பயப்படாதீர்கள், ஊசி எதுவும் எடுத்துவரவில்லை.

நான் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் தலைமைச் செவிலி. என் குரலைக் கேட்டுத் தூங்கிப்போனவர்கள் இந்த ஊரில் ஏராளம். நீங்களும் தூங்கினால் நான் வருத்தப்பட மாட்டேன். அதை என் தொழிலுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொள்வேன்.

நான் வந்தது நன்றி சொல்ல. எதற்கு நன்றி? நடந்த ஒன்றுக்கா? இல்லை. நடக்காமல் போன ஒன்றுக்கு. அதைச் சொல்வதற்கு முன் இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் ஓர் அம்மையாரிடம் அனுமதி கேட்டேன். உங்கள் அலுவலகத்தின் பொறியாளர் அவர். "எல்லாத்தையும் சொல்லுங்க சிஸ்டர், நான் அழுததை மட்டும் கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்க" என்றார். குறைத்தே சொல்கிறேன்.

அன்பர்களே, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்குழந்தை, நாள் நிறையும் முன்னே நானிலம் காண அவசரப்பட்டு வந்துவிட்டது. என் இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும் அளவு. விரல்கள் ஒவ்வொன்றும் தீக்குச்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் கதகதப்பில் வைத்தோம். மூச்சுக்கு ஒரு குழாய், பாலுக்கு ஒரு குழாய், மருந்துக்கு ஒரு குழாய். அந்தக் குழந்தையின் தாய்தான் நான் சொன்ன அம்மையார்.

எங்கள் பிரிவில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. என்னாகும் அம்மா. ஏன் தெரியுமா? எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அதே கேள்விதான். "இந்த பம்ப் நின்னா என்னாகும்? இந்தக் குழாய் கழண்டா என்னாகும்? சத்தம் போடற இந்த மெஷினே கெட்டுப்போயிட்டா, அது கெட்டுப்போச்சுன்னு யார் சத்தம் போடுவாங்க?" புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி என்னிடம் வந்து, "சிஸ்டர், அந்தம்மா தினமும் எனக்கு வாய்மொழித் தேர்வு வைக்கிறாங்க, வேற ஷிப்ட் போடுங்க" என்று கண்ணைக் கசக்கினாள்.

ஒரு மதிய வேளையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"கரண்டு ஆபீஸ்ல கன்டின்ஜென்சி அனாலிசிஸ் பண்றேன் சிஸ்டர்."

"அப்படின்னா?"

"ஏதாவது ஒண்ணு கெட்டுப்போனா மிச்சம் இருக்கறது தாங்குமான்னு முன்கூட்டியே பாக்கறது. ஊருக்கு கரண்ட் ஒரே கம்பில வர்றதில்ல. வலை மாதிரி பல வழியா வருது. அந்த வலை அப்படியே கம்ப்யூட்டர்ல இருக்கும். சாஃப்ட்வேர் ஒரு லைனை எடுத்துடும். அதுல ஓடின கரண்ட் வேற எந்த வழியா பாயும், அந்த வழி தாங்குமான்னு கணக்குப் போடும். தாங்கலைன்னா சிவப்புல காட்டும். அப்புறம் அந்த லைனை இருந்த இடத்துல மாட்டிட்டு அடுத்ததை எடுக்கும். ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ஒரு ஜெனரேட்டர். இப்படியே ஊர்ல இருக்கற ஒவ்வொண்ணையும்."

"அப்ப உங்க வேலை?"

"சிவப்பு வந்த இடத்துல உட்கார்ந்து யோசிக்கிறது."

நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. உங்கள் தொழிலை உங்களுக்கே சொல்லிக்கொடுக்கிறேன் என்றுதானே? உங்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் வீட்டாருக்குச் சொல்கிறேன். "எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றார்" என்பதற்கு மேல் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? அதோ ஓர் அம்மா தலையை ஆட்டுகிறார். பக்கத்தில் வீட்டுக்காரர் தலையைக் குனிகிறார்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஊருக்காகக் கேட்டுப் பழகிய கேள்வி அது. கணினித் திரையில் இருந்தவரை அது கடமை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்ததும் அது கலக்கம். அந்தக் கலக்கம் எதுவரை போனது தெரியுமா? பெற்ற பிள்ளையைத் தொடாத அளவுக்குப் போனது.

குழந்தை கொஞ்சம் தேறியதும் டாக்டர் சொன்னார், தாயின் மார்புச்சூட்டில் தினமும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று. எந்த இயந்திரமும் தர முடியாத இதம் அது. இவர் கையைக் கழுவுவார். முழங்கை வரை கழுவுவார். தோல் உரியும் வரை கழுவுவார். பெட்டி வரை வருவார். "வேண்டாம் சிஸ்டர். உள்ளயே இருக்கட்டும். நான் எடுக்கிற நேரத்துல ஏதாவது நின்னுட்டா?" என்று இரண்டடி பின்னால் போய்விடுவார்.

அவர் கணவர் பஸ் டிரைவர். இரண்டு டிரிப்புக்கு நடுவில் ஓடிவருவார். சீருடைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, சாய்வு நாற்காலியில் சாய்ந்து, மகளை மார்பில் போட்டுக்கொண்டு, அவளிடம் சாலை நிலவரம் சொல்லிக்கொண்டிருப்பார். "இன்னைக்குப் பாலத்துக்கிட்ட ஒரே நெரிசல்டா கண்ணு. அப்பா லேட்டு." என்னாகும் அம்மாவோ சுவரோரம் நின்று எங்கள் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி இருக்கையில், ஒரு நாள் பிற்பகல், எங்கள் வார்டு விளக்குகள் ஒருமுறை மங்கி மீண்டன. அவ்வளவுதான். ஆனால் அந்த அம்மா அடுத்த நொடி அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டார். எடுத்தவர் அவருடைய பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர். எப்போதும் எதையாவது தூக்கிக்கொண்டு வேகவேகமாக நடப்பாராம், அதனால் எல்லாரும் எறும்பு என்று கூப்பிடுவார்களாம். கைதட்டலைப் பார்த்தால் அவர் இங்கே இருக்கிறார் என்று தெரிகிறது. வணக்கம் தம்பி.

"எந்த லைன் எறும்பு?"

"கிழக்கு லைன் மேடம். போயிட்டு உடனே வந்துடுச்சு. நாளைக்கு மேற்கு லைனை ரிப்பேருக்கு எடுக்கறோம். ரன் பண்ணிப் பாத்தாச்சு, எல்லாம் பச்சை."

"எப்பத்த லோடை வச்சு ரன் பண்ணீங்க?"

"போன வருஷத்து லோடு."

"போன வருஷம் இந்த ஆஸ்பத்திரியில புதுக் கட்டடம் இல்ல. நான் இப்ப அதுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கேன். ஜன்னல்ல பாத்தா எதிர்ல வரிசையா அடுக்குமாடி, ஒவ்வொரு ஜன்னல்லயும் ஏசி. இந்த லோடைப் போட்டு மறுபடியும் ரன் பண்ணுங்க. மேற்கு லைனை எடுத்திருக்கும்போது கிழக்கு லைனும் போனா என்னாகும்னு பாருங்க."

சிறிது நேரத்தில் எறும்பு திரும்ப அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. "சிவப்பு மேடம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. அது விழுந்தா அந்தப் பக்கம் மொத்தமும் இருட்டு."

அதன்பிறகு அவர்கள் ஏதேதோ பேசினார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மேற்கு லைனை எடுப்பதற்கு முன்பே, எங்கள் பகுதியின் மின்சுமையில் ஒரு பங்கை வேறொரு துணைமின் நிலையத்தின் பக்கம் மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

என்ன அம்மா கேட்கிறீர்கள்? ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இல்லையா? இருக்கிறது. இயந்திரங்களுக்குள் பேட்டரியும் இருக்கிறது. எங்கள் குழந்தைகளை நாங்கள் காப்பாற்றியிருப்போம். ஆனால் எதிர்க் குடியிருப்பில் லிஃப்டுக்குள் நிற்பவருக்கு ஜெனரேட்டர் உண்டா? வீட்டிலேயே ஆக்ஸிஜன் இயந்திரம் வைத்திருப்பவருக்கு உண்டா? கடைசித் துணையை முதல் துணையாக நம்பலாமா? அதைத்தான் அந்த அம்மா யோசித்தார்.

மறுநாள் காலை. மேற்கு லைனை எடுத்துவிட்டார்கள். டிரைவர் வந்தார். "இன்னைக்குப் பாப்பாவை நீ வாங்கிக்கோயேன்" என்றார் மனைவியிடம்.

"இன்னைக்கு வேண்டாங்க. இன்னைக்குக் கிழக்கு லைன் மட்டும்தான் முழுசா இருக்கு. அது போனா பழைய டிரான்ஸ்ஃபார்மர். அது போனா ஆஸ்பத்திரி ஜெனரேட்டர். அது ஸ்டார்ட் ஆகலைன்னா பேட்டரி. பேட்டரி இறங்கிட்டா…"

சிவப்பு விளக்கில் நிற்பவரைப் போல அவர் பொறுமையாக நின்றார். பிறகு கேட்டார். "உன் சாஃப்ட்வேர் ஒரு லைனை எடுத்துப் பாத்துட்டு என்ன பண்ணும்?"

"திரும்ப மாட்டிடும்."

"நீ மாட்டினியா?"

அவர் கண்கள் கூரை விளக்குக்குப் போயின.

"பாப்பா பொறந்த நாள்லேருந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே போற. எடுத்தது ஒண்ணையும் திரும்ப மாட்டல. இப்படி எடுத்துக்கிட்டே போனா எந்த ஊருதான் தாங்கும்? நீ எப்படித் தாங்குவ?" பக்கத்தில் உட்கார்ந்து, மனைவியின் உரிந்த கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "மாட்டும்மா. டாக்டரை மாட்டு. சிஸ்டரை மாட்டு. உன் எறும்பை மாட்டு. என்னையும் மாட்டு. நான் இங்கதான இருக்கேன்."

சபையோரே, எத்தனையோ மருந்து கொடுத்த கை என் கை. அப்படி ஒரு மருந்தை நான் கொடுத்ததில்லை. அந்த அம்மா அழுதார். குறைத்துச் சொல்கிறேன், நன்றாகவே அழுதார். பிறகு எழுந்து, கையைக் கழுவினார். ஒரே ஒருமுறை கழுவினார். நாற்காலியில் சாய்ந்தார். "குடுங்க சிஸ்டர்" என்றார்.

குழாய்களைச் சேர்த்துப் பிடித்து, குழந்தையை எடுத்து, தாயின் மார்பில் கிடத்தி, மேலே போர்வையைப் போர்த்தினேன். தீக்குச்சி விரல்கள் ஐந்தும் விரிந்து, தாயின் தோலில் பதிந்து, அங்கேயே நின்றன. தேடியது கிடைத்தபின் தேட வேண்டியதில்லை என்று நிற்பதைப் போல நின்றன. குழந்தையின் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. தாயின் மூச்சும்தான்.

டிரைவர் டிரிப்புக்குப் போய்விட்டார். வார்டு அமைதியாக இருந்தது. அப்போது கூரை விளக்கு ஒருமுறை இமைத்தது. நான் பார்த்தேன். இயந்திரங்களைப் பார்த்தேன், எண்கள் எப்போதும்போல ஓடின. விளக்கைப் பார்த்தேன்; எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

உடனே அந்த அம்மாவின் பையில் போன் அடித்தது. எடுத்து அவர் காதருகே பிடித்தேன். எறும்பின் குரல் எனக்கும் கேட்டது.

"மேடம், கிழக்கு லைன் போயிடுச்சு. கட்டட வேலை நடக்கற இடத்துல கிரேன் உரசிடுச்சாம். யாருக்கும் அடி இல்ல. லோடை மாத்தி வச்சிருந்ததால பழைய டிரான்ஸ்ஃபார்மர் தாங்கிடுச்சு. ஒரு வீடு கூட இருட்டாகல. அங்க எப்படி மேடம்? லைட்டு மினுக்கிச்சா?"

நாள்கணக்காக அந்தக் கூரை விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காத பெண் அவர். குனிந்து மகளின் உச்சந்தலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெரியலையே எறும்பு. நான் பாக்கல."

"சரி மேடம். நீங்க பாக்க வேண்டாம். நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் அந்தத் தம்பி.

அந்தக் குழந்தை வளர்ந்து, வீட்டுக்குப் போய், இன்று பள்ளிக்குச் செல்கிறாள். முன்பல் விழுந்துவிட்டது. அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் துப்பி அப்பாவின் சீருடையை நனைக்கிறாள் என்று புகார்.

அன்பர்களே, அன்று அந்த இருட்டு வந்திருந்தால் ஊரே பேசியிருக்கும். வரவில்லை, யாருமே பேசவில்லை. அணைந்த விளக்குக்கு ஆயிரம் ஏச்சு, அணையாத விளக்குக்கு ஒரு பேச்சும் இல்லை. இருட்டைக் கண்டால் உங்களுக்குப் போன் போடுகிறோமே, வெளிச்சத்தைக் கண்டு ஒருநாளாவது போட்டிருக்கிறோமா? விசிறி சுழல்கிறதே என்று வியந்திருக்கிறோமா? மாவு அரைகிறதே என்று மகிழ்ந்திருக்கிறோமா? பிள்ளை படிக்கும் விளக்கு பிசகாமல் எரிகிறதே என்று எவருக்காவது நன்றி சொல்லியிருக்கிறோமா?

ஊர் விழுமுன் அதை ஒவ்வொன்றாக வீழ்த்திப் பார்க்கிறீர்கள். நாங்கள் அஞ்ச வேண்டியதையெல்லாம் எங்களுக்கு முன்னால் நீங்கள் அஞ்சிவிடுகிறீர்கள். உங்கள் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி பச்சையாக மாறும்போது, அதன் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அங்கே ஒரு தாய் இருக்கிறாள். விளக்கு எரிகிறதா என்று பார்க்கத் தோன்றாமல், தன் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் உங்களுக்கு மாலை போட மாட்டாள். உங்கள் பெயரைக்கூட அறிய மாட்டாள். அவள் அறியாமல் இருப்பதுதான், ஐயா, உங்கள் வேலையின் வெற்றி. அவளுக்குப் பதிலாக, அவளைப் போன்ற அத்தனை அன்னையருக்கும் பதிலாக, நான் வந்து சொல்கிறேன்: நன்றி.

ஒரு செவிலியை மேடையேற்றி, அவள் கதைக்குக் காது கொடுத்து, அங்கங்கே நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் கவனிக்காததுபோல் இருக்கவும் இடம் கொடுத்த உங்கள் எல்லாருக்கும் என் நெஞ்சம் நிறைந்த அன்பு. எனக்கு மாலை ஷிப்ட் இருக்கிறது, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். போய்வருகிறேன், வணக்கம்.