டாக்டரைப் பார்த்துக்கொண்டவள்

என்னிடம் ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளைகள் அதிகமாக அழ மாட்டார்கள். ஊசியை ஒரு கையில் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தொடையை லேசாகத் தட்டிப் பேச்சுக் கொடுப்பேன். பிள்ளை என்ன ஏது என்று யோசிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். கடலூர் முதுநகரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் ஐயா, இதைத்தான் சொல்வார்கள்.

பெயர் ஜெயராணி. வயது நாற்பத்து மூன்று. சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் இருந்து நர்ஸ் வேலை கற்றுக்கொண்டேன். சர்ட்டிபிகேட் இருக்கிறது. அரசாங்கம் ஒத்துக்கொள்கிற சர்ட்டிபிகேட் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எதையும் மறைப்பதற்காக நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை.

டாக்டர் தட்சிணாமூர்த்தியின் கிளினிக்கில் 2004 ஜூன் மாதம் சேர்ந்தேன். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கீழே கிளினிக், மாடியில் வீடு. ஒரே மகள் சந்திரலேகா கல்யாணமாகிச் சிதம்பரத்தில் இருந்தாள். என் வேலை பெயர் கூப்பிடுவது, காய்ச்சல் பார்ப்பது, ஊசி போடுவது. அவர் எழுதுவார், நான் செய்வேன்.

அந்த வருஷம் டிசம்பரில் சுனாமி வந்தது. ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பூசை முடிந்ததும் முடியாததுமாக ஓடி வந்தேன். தேவனாம்பட்டினத்திலிருந்தும் சோனாங்குப்பத்திலிருந்தும் ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்தபடி இருந்தார்கள். தகரம் கிழித்த கால்கள், படகுப் பலகை மோதிய தலைகள். டாக்டருக்கு இரண்டு கை போதவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமலே, “நான் தையல் போடறத இவ்ளோ நாளா பாத்திருக்க இல்ல. போடு” என்றார். போட்டேன். அந்த வாரம் நான் தைத்த காயங்களில் ஒன்றுகூடச் சீழ் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு தையல் என்றால் நான்தான்.

அடுத்த வருஷம் தைலம்மாள் என்று ஒரு அம்மாள் இருமலோடு வந்துகொண்டிருந்தாள். ஒரு மாதமாக இருமல், உடம்பு இளைத்துக்கொண்டே போனது. சளியைப் பரிசோதனைக்கு அனுப்பலாமே என்று டாக்டரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் அந்த அம்மாள் எதிரிலேயே, “நீ பேரக் கூப்புடு. வைத்தியத்த நான் பாத்துக்கறேன்” என்றார். மூன்று மாதம் கழித்து அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்கு டி.பி. என்று சொன்னார்கள். டாக்டருக்கு என்னிடம் சொன்னது ஞாபகமே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் நல்லவர். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

2006-இல் சிக்குன்குனியா வந்தபோது தெருவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றது. எல்லோருக்கும் ஒரே மருந்து. டாக்டர் தன் மருந்துச் சீட்டுக் கட்டை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னார், அவர் கையெழுத்துப் போட்டார். எழுதி எழுதி என் எழுத்து அவர் எழுத்துப் போலவே ஆகிவிட்டது. பி.பி. பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கப் பழகினேன். சாயங்காலங்களில் அவருடைய புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அவர் சந்தோஷமாகத்தான் கொடுத்தார். புரியாத இடங்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த வருஷம்தான் காடாம்புலியூரிலிருந்து கொளஞ்சி வந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை செய்கிறவள். முகம் ஊதி, குரல் ஆம்பிளைக் குரலாகி, நாலு வார்த்தை பேச நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் பெயர்கூட உடனே வரவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். டாக்டர் பார்த்தவுடனே தைராய்டு என்றார். தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. மூன்று மாதத்தில் அவள் ஒரு முழுப் பலாப்பழத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மேஜைமேல் வைத்தாள். அந்த மாத்திரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது ஐயா.

டாக்டரிடம் மாற்றம் தெரிந்தது 2007 கடைசியில். பேச்சு இழுத்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். கடலூர் வெயிலில் ஸ்வெட்டர் கேட்டார். ஒரு நாள் ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை மாத்திரையை மூன்று மடங்காக எழுதிவிட்டார். நான் கவனித்துத் திருத்தினேன். அவரிடம் காட்டியபோது அந்தக் காகிதத்தையே வெகுநேரம் பார்த்தார். “நீ பாக்கலன்னா அந்தப் பொம்பள செத்துருப்பா” என்றார். அன்றிலிருந்து எழுதுவதை என்னிடமே விட்டுவிட்டார்.

2008 பிப்ரவரியில் ஒரு காலை, கிளினிக் திறப்பதற்கு முன், கை கழுவுகிற இடத்துக் கண்ணாடியில் அவர் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

“ஜெயராணி, என் மூஞ்சிய நல்லா பாரு. கொளஞ்சி மூஞ்சி மாரி இல்ல?”

கிட்டே போய்ப் பார்த்தேன்.

“ரத்தம் எடு. தைராய்டு பாக்கச் சொல்லு.”

நாற்காலியில் உட்கார்ந்து அவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டார். எடுத்து அனுப்பினேன். ரிசல்ட் சென்னையிலிருந்து வர வேண்டும். நாலாம் நாள், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கவர் வந்தது. வெளியே பெஞ்ச் நிறைய ஆட்கள். டாக்டர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பிரித்துப் பார்த்தேன். நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டியது நூறுக்கு மேல் இருந்தது. அவருக்கு வந்திருப்பது வயோதிகம் இல்லை. ஒரு சின்ன மாத்திரையில் சரியாகிவிடுகிற விஷயம். அந்த மாத்திரை என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியிலேயே இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று கவரை மேஜை டிராயரில் வைத்துவிட்டு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். மதியம் வரை பார்த்தேன். ஒரு பெரியவர் எழுந்து போகும்போது கும்பிட்டு, “வரேன் டாக்டரம்மா” என்றார். திருத்துவதற்கு நேரமில்லை, அடுத்த ஆள் உட்கார்ந்துவிட்டார்.

மதியம் டாக்டர் கேட்டார். “ரிசல்ட்டு வந்துச்சா?”

“வந்துச்சி சார். நார்மல்.”

அவர் சோற்றைப் பிசைந்தார். “அப்ப வயசுதான்” என்றார். பிறகு சாப்பிட்டார்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் மறுநாள் சனிக்கிழமை, கூட்டம் ஜாஸ்தி. அதற்கு மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை சொன்னால், ஏன் வெள்ளிக்கிழமையே சொல்லவில்லை என்று கேட்பார். நாள் ஏற ஏறச் சொல்வதற்குக் காரணம் குறைந்துகொண்டே வந்தது. கவரை மட்டும் கிழிக்கவில்லை. நோயாளியின் ரிப்போர்ட்டைக் கிழிப்பது தப்பு.

அதற்குப் பிறகு ஏறக்குறைய நாலு வருஷம். அவரை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று தெருவில் கேளுங்கள். காலையில் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, மாடியிலிருந்து கைபிடித்து இறக்கி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைப் போட்டு, நாற்காலியில் உட்கார வைப்பேன். ஜனங்களுக்கு ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பது வேண்டியிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து நான் பார்ப்பேன். அவர் தலையாட்டுவார். கையெழுத்தும் கொஞ்ச நாளில் நானே போட்டுக்கொண்டேன்.

மங்கலம்பேட்டை சின்னையனைப் பற்றிக் கேட்டீர்கள். மகள் வீட்டுக்கு வந்தவர் நெஞ்செரிச்சல் என்று வந்தார். அதற்குரிய மருந்தும் ஒரு ஊசியும் கொடுத்தேன். ஊருக்குத் திரும்புகிற வழியில் பஸ்ஸிலேயே இறந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். டாக்டராக இருந்தாலும் அதையேதான் கொடுத்திருப்பார். அது பஸ்ஸில் நடந்தது.

நான் குணப்படுத்தியவர்களையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும். தைராய்டை மட்டும் மூன்று பெண்களுக்கு நானாகவே கண்டுபிடித்தேன். மூன்று பேருமே தேறினார்கள். ஒரு முறை அப்படி ஒருத்திக்கு மாத்திரை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தேன். டாக்டர் கையை நீட்டி அந்த அட்டையை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, அந்தப் பெயரைப் படிக்கிறார் என்று தெரிந்தது.

“இது யாருக்கு?” என்றார்.

“இந்தம்மாவுக்கு சார்.”

திருப்பி என் கையில் கொடுத்துவிட்டார்.

சந்திரலேகா மாதம் இரண்டு முறை வருவாள். வரும்போதெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ஒரு தடவை, சிதம்பரத்துக்குக் கூட்டிப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டப்போகிறேன் என்றாள். நானே காட்டிவிட்டேன், மறதி நோய் என்கிறார்கள், மருந்து கிடையாது, இடம் மாற்றினால் ஜாஸ்தியாகும் என்று சொன்னேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. “நீங்க மட்டும் இல்லன்னா அப்பா என்னா ஆயிருப்பாருக்கா” என்றாள்.

போன டிசம்பர் முப்பதாம் தேதி காலை ‘தானே’ புயல் அடித்தபோது நான் அவரோடுதான் இருந்தேன். மாடி ஜன்னல் பெயர்ந்து படுக்கைமேல் விழுந்தது. மழை நேராக உள்ளே அடித்தது. அவர் பயந்து முனகினார். சத்தம் அடங்கட்டும் என்று ஒரு தூக்க மாத்திரை கொடுத்தேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட உடம்புக்கு அது ஆகாது என்று புத்தகத்தில் படித்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. ஈரத்தைத் துடைத்துப் போர்வை போட்டேன். மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை. உடம்பு சில்லென்று இருந்தது, நாடி எண்ணி எண்ணி வந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடெல்லாம் மரம். ஜனவரி ஒன்றாம் தேதி சந்திரலேகாவின் புருஷன் எப்படியோ ஒரு கார் கொண்டுவந்தார். சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனோம்.

அங்கே இருந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பெயர் ராஜ்கமல். படுக்கைக்கு வருவதற்கு முன்பே, தூரத்திலிருந்து முகத்தைப் பார்த்துவிட்டே தைராய்டு என்று சொல்லிவிட்டார். ரத்தம் எடுத்தார்கள், குழாய் வழியாக மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் தேதி காலை எங்கள் டாக்டர் இறந்துவிட்டார்.

என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை ஐயா. நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கூட்டிவரவில்லை. சந்திரலேகா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். கிளினிக்கை அவள் என்னிடமே விட்டிருப்பாள்.

ராஜ்கமல் வந்து அவளிடம் பேசினார். இது பல வருஷமாக இருந்திருக்க வேண்டும், ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் நன்றாக இருந்திருப்பார் என்றார். சந்திரலேகா என்னைப் பார்த்தாள். அவர் அதைக் கவனித்துவிட்டு, என்னைக் காப்பாற்றுகிற மாதிரி நினைத்துக்கொண்டு சொன்னார்.

“அவுங்கள ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. அவுங்க நர்ஸுதான, பாவம். இதெல்லாம் அவுங்களுக்கு எப்டித் தெரியும்?”

நான் எழுந்து வெளியே போனேன். பஸ் பிடித்துக் கடலூர் வந்தேன். டிராயரிலிருந்து கவரை எடுத்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய் ராஜ்கமல் மேஜைமேல் வைத்தேன். “எனக்குத் தெரியும்” என்றேன். “நாலு வருஷமா தெரியும். உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

அவர் பிரித்துப் படித்தார். தேதியைப் பார்த்தார். இன்னொரு தடவை தேதியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர் நாற்காலியை விட்டு எழுந்துகூட நின்றுவிட்டார். எனக்காக ஒரு டாக்டர் எழுந்து நின்றது அன்றைக்குத்தான்.