பாலத்தைத் தாண்டினால் அழியும்

ஹலோ... ஆமா ஆமா, நான்தான். சொல்லு அண்ணா... இல்ல, வீடியோவை இன்னும் ஏத்தல. நாலு மணிக்கு முன்னாடி கேம் விமர்சனம் போடக்கூடாதுன்னு உங்க கம்பெனிதானே சொல்லியிருக்கு? இன்னும் பத்து நிமிஷம் இருக்கு... எதை வெட்டணும்?... ஓ, காலையில விளக்கம் கேட்டு உங்க ஆபீஸுக்கு மெயில் போட்டேனே, அது உன்கிட்ட வந்திடுச்சா?

முடியாது. இருபத்திரண்டு மணி நேரம் விளையாடினேன் அண்ணா. ஏழாவது கட்டம், ஆத்துப் பாலத்தைத் தாண்டி சேவ் பண்ணினேன், அவ்வளவுதான். திரும்பத் திறந்தா எல்லாம் போச்சு, 'புதிய ஆட்டம்'னு பல்லை இளிக்குது... ஒரு தடவை இல்ல, மூணு தடவை!... மத்த விமர்சகர்கள் யாரும் உங்ககிட்ட சொல்லலையா? எப்படிச் சொல்லுவாங்க? எல்லாரும் நீங்க இனாமா அனுப்பின புது கேம் மெஷின்ல விளையாடியிருக்காங்க. நான் அந்தப் பெட்டியைப் பிரிக்கவே இல்ல. என்னோட ஆறு வருஷப் பழசுலதான் போட்டேன். என் வீடியோ பாக்கறவங்க வீட்ல அதுதான் இருக்கு.

ம்... ம்... அப்டேட் வருமா? வரட்டும், சரியாச்சுன்னா அதையும் சொல்றேன். முழு விலை வாங்கிட்டு பாதி வெந்ததைப் பரிமாறினா... சிரிக்காதே, நிஜமாத்தான்! கேம்ல வர்ற குதிரைக்குச் சேணம் வேணும்னா அதுக்குத் தனி விலை. இதுவே ஒழுங்கா ஓடல, அதுக்குள்ள ரெண்டாம் பாகம்னு அறிவிப்பு. போட்டிக் கம்பெனி கேம் வருதுன்னு சொன்ன தேதிக்கு மூணு வாரம் முன்னாடியே இதை அவசர அவசரமா இறக்கறது யாரு, நானா?

என்ன, உன் வேலைக்கே ஆபத்தா? நீ எதுக்கு... இரு, இரு. டெஸ்டிங்ல நீ இதே பாலத்துக் கோளாறைக் கண்டுபிடிச்சியா?... எப்போ?... நாப்பது நாளாச்சா! எழுதிக் குடுத்தியா?... 'பின்னர் பார்க்கலாம்'னு மூடிட்டாங்களா. ஐயோ அண்ணா. அப்போ நான் சொன்னா, நீதான் தங்கச்சிகிட்டப் போட்டுக் குடுத்தேன்னு ஆயிடும்... ம்... புரியுது.

ஆனா நீ என்கிட்ட மூச்சு விடலையே! போன வாரம் அம்மா வீட்ல 'கேம் எப்படி'ன்னு கேட்டதுக்கு, 'விளையாடிப் பாரு'ன்னு தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னே. நானாத்தான் கண்டுபிடிச்சேன்னு காட்டறதுக்கு, மூணு தடவையும் தேதியோட பதிவு வெச்சிருக்கேன்.

யாரு இருமினது?... ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே?... ஓ, மேனேஜர் சாரா. வணக்கம் சார்... நல்லா இருக்கேன் சார்... பாலத்தைப் பத்தின அந்த ஒரு நிமிஷத்தை வெட்டினா அண்ணன் மேல நடவடிக்கை இருக்காதா? சரி. வெட்டலைன்னா?... 'பாக்கலாம்'னா என்ன அர்த்தம் சார்?... அடுத்த கேமை எனக்கு முன்கூட்டி அனுப்ப மாட்டீங்களா? அனுப்பாதீங்க. கடையில வரிசையில நின்னு வாங்கிக்கறேன், எனக்குக் கால் இருக்கு... இல்ல சார், நான் மிரட்டல. நீங்கதான் என் அண்ணனைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டுப் பேசறீங்க.

ஒரு நிமிஷம் சும்மா இருங்க சார். அண்ணா, மணி மூணு ஐம்பத்தெட்டு. நீ சொல்லு. என் வேலைன்னா யோசிக்கவே மாட்டேன். இது உன்னோடது. வீடு மாறி ரெண்டு மாசம்கூட ஆகல, அப்புறம் அண்ணி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?... அதை மட்டும் வெட்டிட்டு 'நல்ல கேம்'னு சொல்ல என்னால ஆகாது. நீ வேணாம்னா வீடியோவே போடல. சொல்லு.

...

என்ன? காதுல விழல, சத்தமா சொல்லு... நிஜமாவா, போடச் சொல்றியா?... அவர் முன்னாடியேவா சொல்றே?... சார், குறுக்க பேசாதீங்க, அண்ணன் பேசி முடிக்கட்டும்... ம்... ம்... சரி அண்ணா. சரி. அழாதே... இல்ல, நான் ஒண்ணும் அழல.

நாலு ஆயிடுச்சு... போட்டுட்டேன். ஏறிடுச்சு அண்ணா... கீழே ரெண்டு வரி சேக்கணுமா? நாப்பது நாளைக்கு முன்னாடியே கம்பெனிக்குத் தெரியும்னா? எழுதிடவா?... சரி, டைப் பண்றேன், மெதுவா சொல்லு. நீ ரிப்போர்ட் குடுத்த தேதி?... ம், பதினொண்ணு. அதை மூடினது யாரு? கையெழுத்து யாரோடது?... சார், போனைப் பிடுங்காதீங்க, அண்ணன்கிட்ட குடுங்க சார்! உங்க பேரைத்தான் கேக்க—

ஹலோ?... ஹலோ!